சக்கரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

2024 ஆகஸ்ட் 3, சனி

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். துடைப்பதற்கு முன் படம் எடுக்கவில்லை.

மகேந்திரன் சார் முதல் வகுப்பிலேயே பலகையில் எழுதிப் போட்ட விதி அது. எதையும் துடைப்பதற்கு முன்னும் கழற்றுவதற்கு முன்னும் ஒரு படம். இந்த நோட்டின் உள்ளட்டையில் அதை எழுதி, கீழே இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன். அப்படியும் இன்று காலை தின்னர் நனைத்த துணியோடு படகுக்குள் இறங்கி, எஞ்சினின் முன்பக்கம் இருக்கும் பெரிய சக்கரத்தை, ஃபிளைவீலை, நேராகத் துடைக்கத் தொடங்கிவிட்டேன். ஒன்பது வருட எண்ணெய்ப் பிசுக்கு. கறுப்பும் மஞ்சளுமாகத் துணியில் வந்தது. பாதி துடைத்த பிறகுதான் கைப்பேசி பையில் இருப்பது நினைவுக்கு வந்தது.

பெரிய நஷ்டம் இருக்காது என்று நினைக்கிறேன். சக்கரத்தின் விளிம்பில் தேடியது கிடைத்துவிட்டது. துருவால் அரித்துப்போன இரும்பின் மேல் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. பழைய மெக்கானிக் யாரோ டைமிங்குக்காக வைத்த குறி. தொழிற்சாலை வெட்டிய எழுத்துகள் எதுவும் இப்போது தெரியவில்லை. புள்ளி மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

படகு ஈப்போவில், எஞ்சின் பழுதுபார்க்கக் கற்கும் எங்கள் மாலை வகுப்புப் பட்டறையின் பின்னால், ஒரு டிரெய்லர் மேல் நிற்கிறது. கடல் இங்கிருந்து ஒன்றரை மணி நேரம். கார் எஞ்சின் படிக்கும் மற்ற ஜோடிகள் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சுங்காய் பக்கம் ஆற்றோரத்தில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில், அக்கரைக்கு மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகிறவர்களை ஏற்றிப்போன படகு இது. தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனையாக மாறி, பாலமும் வந்தபின், ஒன்பது வருடத்துக்கு முன் கோலினின் பெரியப்பா ஆம்புரோஸ் இதை வாங்கிப் போட்டார். ஈயம் தோண்டிய பழைய பள்ளத்துக் குளத்தில் மீன் பிடிக்கப் போவதாகச் சொன்னாராம். ஒரு நாள்கூடப் போகவில்லை.

கோலின் என் பயிற்சி ஜோடி. பகலில் டயர் கடையில் வேலை செய்கிறான். நான் காகிதப் பெட்டி ஆலையில். எங்கள் இருவருக்கும் கொடுக்கப்பட்ட தேர்வு இந்த எஞ்சின்தான். ஆகஸ்ட் 15, வியாழன் மாலை, தேர்வாளர் முன் இது பத்து நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். அதோடு வேலைப் பதிவேட்டில் ஒவ்வொரு வேலையையும் தேதி போட்டு, கையெழுத்திட்டுக் காட்ட வேண்டும். தவறினால் அடுத்த தேர்வு பிப்ரவரியில். கோலினுக்குப் பரவாயில்லை, அவன் காத்திருப்பான். கடலோரத்தில், லுமுட்டில், படகு பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் பயிற்சி ஆள் எடுக்கிறார்கள். சான்றிதழோடு விண்ணப்பிக்க இந்த மாதம் 31 கடைசி நாள். நான் அங்கே போக வேண்டும். இதை இந்த நோட்டைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தோற்றால் இன்னும் அசிங்கம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

டைமிங் பார்த்தோம். பின்னால் மறக்காமல் இருக்க, எனக்கே புரிகிற மாதிரி எழுதிக்கொள்கிறேன்.

பிஸ்டன் மேலே ஏறி உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே டீசல் உள்ளே பாய வேண்டும். இந்த எஞ்சினுக்கு அந்தக் கொஞ்சம் 18 டிகிரி என்று கையேடு சொல்கிறது. எப்போது பாய்கிறது என்று பார்க்க, டீசல் பம்பிலிருந்து போகும் குழாயைக் கழற்றிவிட்டு ஃபிளைவீலைக் கையால் மெதுவாகத் திருப்ப வேண்டும். குழாய் வாயில் டீசல் லேசாக உப்பும். அந்தக் கணத்தில், உறையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன இரும்பு முள்ளுக்கு நேராகச் சக்கரத்தின் குறி நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. டீசல் உப்பியபோது சிவப்புப் புள்ளி முள்ளைத் தாண்டி 21 மில்லிமீட்டர் போயிருந்தது. டீசல் தாமதமாக வருகிறது என்று அர்த்தம். மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் 21.

சரிசெய்யும் வழி, பம்பின் அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளை எடுப்பது; எடுத்தால் டீசல் முன்னதாக வரும். மூன்று தகடுகள், ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீட்டர். மூன்றையும் எடுத்துவிட்டு மறுபடி திருப்பினேன். டீசல் உப்பியது. புள்ளி முள்ளுக்கு நேர், மயிரிழை பிசகவில்லை.

"பாத்தியா!" என்று கத்திவிட்டேன்.

கோலின் டிரெய்லரின் மேல் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "டாக்டர் துளசி, பேஷன்ட் பொழச்சிட்டாரா லா?"

"ஒன்பது வருசமா தப்பா இருந்திருக்கு இது."

"அப்போ பெரியப்பா வாங்கனப்பவே செத்த எஞ்சினா? அவரு கிட்ட நீயே சொல்லு. நா சொன்னா அடி விழும்."

தகடுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பெயர் எழுதி, ஒட்டி வைத்தேன். பதிவேட்டில் எழுதினேன்: டைமிங் குறி, சிவப்புப் புள்ளி, சரிபார்க்கப்பட்டது. கையெழுத்துப் போட்டேன். இன்று கொஞ்சம் சந்தோஷம்.

ஆகஸ்ட் 7, புதன்

சந்தோஷம் என்று எழுதியதை அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

எஞ்சின் ஓடவில்லை. ஓடாதது மட்டும் என்றால் தாங்கலாம். கோலின் ஹேண்டலைப் பிடித்துச் சுற்றியபோது, ஒரு வெடிச் சத்தத்தோடு சக்கரம் எதிர்ப்பக்கமாக உதைத்தது. ஹேண்டல் அவன் மணிக்கட்டில் அடித்தது. அவன் படகின் அடித்தளத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"உடைஞ்சிருச்சா?"

"கையா, எஞ்சினா?"

"கோலின், வெளாடாத."

"கை இருக்கு லா. எஞ்சின்தான் என்னைய புடிக்கல." சிரித்தான். ஆனால் முகம் வெளுத்திருந்தது. ஐஸ் வாங்கிக் கட்டினேன். டயர் கடையில் நாளை ஒரு கையால் எப்படி வேலை செய்வான்?

பிறகு நானே சுற்றினேன், உதைத்தால் கை விலகும்படி கட்டைவிரலை உள்ளே மடக்காமல். நாலு முறை. இரண்டு முறை உதைத்தது. ஒருமுறை 'டொக்' என்று சுத்தியலால் அடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை.

மூன்று வாரத்தில் இந்த எஞ்சினுக்கு நாங்கள் செய்ததை எண்ணிப் பார்த்தேன். டீசல் தொட்டியில் இருந்த தண்ணீரை எடுத்தோம். அடைத்துப்போன இன்ஜெக்டரை, டீசலைத் தெளிக்கும் மூக்கை, கழுவினோம். இறுகிப்போன வால்வைத் தட்டித் தட்டி விடுவித்தோம். இப்போது டைமிங்கும் சரி. எல்லாம் சரியாக இருக்கும் ஒரு எஞ்சின் ஏன் ஓடவில்லை?

ஆகஸ்ட் 10, சனி

காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்து வரை. சட்டை வியர்வையில் தோய்ந்துவிட்டது. இன்று சந்தேகப்பட்டவை: இன்ஜெக்டர். கழற்றினேன், தெளிப்பு நன்றாக இருக்கிறது, மாட்டினேன். வால்வு இடைவெளி. அளந்தேன், சரி. டீசல். புதிதாக வாங்கி ஊற்றினேன். குழாயில் காற்று. இரண்டு முறை வெளியேற்றினேன். அழுத்தம். சக்கரம் கையில் நன்றாகத் தடுக்கிறது, அதுவும் சரி. ஒவ்வொன்றாகத் தேறிக்கொண்டே போனது. ஒவ்வொன்று தேறும்போதும் எரிச்சல் கூடியது. ஏதாவது ஒன்று கெட்டிருந்தால் அழுதாவது சரிசெய்திருப்பேன்.

மகேந்திரன் சார் மத்தியானம் வந்து டிரெய்லர் ஓரம் நின்றார். அவருக்கு இன்னும் பதினொரு ஜோடிகள் இருக்கின்றன.

"உதைக்குதுன்னா டீசல் சீக்கிரமா வருதுன்னு அர்த்தம். குறிய சரியா பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். பதிவேட்டுல இருக்கு."

"இருக்கு, கையெழுத்தும் இருக்கு," என்றார். வேறு ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் உள்ளே யாரோ கூப்பிட்டார்கள்.

அவர் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்தும் வந்தது. மூன்று முறை அளந்தேன் அல்லவா? எந்த முட்டாள் மூன்று முறை அளப்பான்?

கோலின் கட்டுப் போட்ட கையோடு வந்து ஸ்பேனர்களைத் துடைத்து வைத்தான். "தொழிற்சாலைல வேல போயிருமா ஒனக்கு இது ஓடலைன்னா? மூஞ்சி அப்படி இருக்கு."

லுமுட்டைப் பற்றி அப்போதுதான் சொன்னேன்.

"அட, சொல்லவேண்டியதுதான லா," என்றான். அதற்குப் பிறகு அவன் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஐந்து நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

டீசல் தொட்டியை மறுபடி காலி செய்வதற்காக, அதைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டையை இன்று முதல் முறையாகக் கழற்றினேன். பின்னால் யாரோ போட்ட பட்டை அது; அது மூடியிருந்த இடத்தில், வெயிலும் மழையும் படாத பெயின்ட். மஞ்சள் வட்டம். அதன் நடுவே, சுண்டுவிரல் நுனி அளவுக்கு, ஒரு சிவப்புப் புள்ளி.

டார்ச்சை எடுத்துக்கொண்டு படகு முழுக்கத் தேடினேன். கியர் நெம்புகோலின் அடியில் ஒன்று. சுக்கானின் பின்புறம் ஒன்று. எல்லாம் மஞ்சள் மேல் சிவப்பு.

ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் என் மோட்டார் சைக்கிளின் விளக்கில் நானே சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைக்கிறேன். போன வருடம் ஆலையில் பெட்டி மடிக்கும் இயந்திரத்துக்கு வைத்ததும் நான்தான். அந்த நான், ஃபிளைவீலில் இருந்த பொட்டைப் பார்த்து டைமிங் குறி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 3-ஆம் தேதி துணியில் வந்த மஞ்சள், அழுக்கு இல்லை. சந்தனத்துக்குப் பதிலாகப் பூசிய பெயின்ட். அதைத் தின்னரால் துடைத்துவிட்டேன். படம் எடுத்திருந்தால் அன்று மாலையே தெரிந்திருக்கும்.

கோலின் வந்தபோது நான் தொட்டி முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"என்னா, பேய் அறைஞ்ச மாதிரி?"

டார்ச்சை அடித்துக் காட்டினேன். பார்த்தான். பிறகு ஃபிளைவீலைப் பார்த்தான். பிறகு என் நெற்றியைப் பார்த்தான். சிரிக்கத் தொடங்கியவன் நிறுத்த முடியாமல் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அலாமா! நா சர்ச்சுக்குப் போறவன், எனக்குத் தெரியல, சரி. நீ தினம் வச்சிட்டு வரியே, ஒனக்குத் தெரியலையா?"

"சிரிக்காத."

"பொட்டுக்கு நேரா டைமிங் வச்சிருக்கா லா! என் கைய ஒடச்சது சாமி!"

இருந்தாலும் நிச்சயம் வேண்டும் என்றேன். அவன் பெரியப்பாவிடம் பேசி, தோட்டத்தில் படகு ஓட்டிய ஜெயபாலன் என்பவரின் எண்ணை வாங்கினான். சுங்காயில் ஒரு பேரங்காடியில் காவல் வேலை பார்க்கிறாராம். கைப்பேசியை நடுவில் வைத்துப் பேசினோம்.

"அந்த போட்டு இன்னும் இருக்கா? இத்துப் போயிருக்கும்னு நெனச்சேன்," என்றார்.

"இருக்கு அண்ணே. சக்கரத்துல செவப்பா ஒரு புள்ளி இருக்கே, அது யாரு வச்சது?"

"நாந்தாம்மா. ஆயுத பூசைக்கு. மொத வருசம் குங்குமந்தான் வச்சேன். போட்டுல தண்ணி அடிக்கும்ல, மறுநாளே போயிருச்சு. மரத்துக்கு நம்பர் போடுற பெயின்ட் ஸ்டோர்ல கெடந்துச்சு. அதுல வச்சிட்டேன். அப்பறம் வருசா வருசம் அதும் மேலயே."

"அந்த எடத்துல ஏன் வச்சீங்க?"

"எந்த எடத்துல?"

"சக்கரத்துல, அந்த முள்ளுக்குப் பக்கத்துல."

"ஏன்னா... எஞ்சின நிப்பாட்டுனேன். சக்கரம் நின்னுச்சு. கைக்கு நேரா எது இருந்துச்சோ அதுல வச்சேன். வேற எங்க வைக்கணும்?"

"டைமிங் எல்லாம் நீங்க பாப்பீங்களா அண்ணே?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நா ஓட்டுவேன், அவ்வளவுதான். ஈப்போலருந்து ஒரு மெக்கானிக் வருவாரு. கடைசி வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு." பிறகு கேட்டார்: "பொட்ட அழிச்சிட்டீங்களா?"

"மஞ்சள் போயிருச்சு அண்ணே. செவப்பு இருக்கு."

"இருக்கட்டும். அழிக்காதீங்க."

கைப்பேசியை வைத்த பிறகு யோசித்தேன். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது, பிஸ்டன் மேலே ஏற முடியாமல் அழுத்தம் தடுக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் நிற்கும். உச்சிக்குச் சற்று முன்னால். அதனால்தான் பொட்டு நம்பும்படியான ஒரு இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை. ஒன்பது வருடம் மழையில் கிடந்த இந்த எஞ்சினில் கெடாமல் இருந்தது டைமிங் ஒன்றுதான். அதைத்தான் நான் கெடுத்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கோலின் சொன்னான்: "மூணு தகட்டையும் திரும்ப போடு, முடிஞ்சது." போட்டால் ஓடும் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் புள்ளியை நம்பிய மாதிரி இப்போது பழைய தகட்டை நம்புவதா? உச்சி எங்கே என்று நானே பார்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். "அம்மா தாயே," என்று கும்பிட்டுவிட்டு சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தான்.

இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துளையில் நீளமான போல்ட் ஒன்றை இறக்கினோம், கோலின் அதைப் பிடித்துக்கொண்டான். பிஸ்டன் மேலே வரும்போது அதில் இடித்து நிற்கும். சக்கரத்தை முன்பக்கம் மெதுவாகத் திருப்பி, இடித்த இடத்தில் முள்ளுக்கு நேராக ஒரு கோடு. பின்பக்கம் திருப்பி, இடித்த இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையே 310 மில்லிமீட்டர். நடுவில், 155-இல், உச்சி.

சக்கரத்தின் சுற்றளவு 1260. ஒரு டிகிரிக்கு மூன்றரை மில்லிமீட்டர். 18 டிகிரிக்கு 63. உச்சியிலிருந்து 63 அளந்து உளியால் ஒரு கோடு வெட்டினேன். பொட்டு எங்கே இருக்கிறது என்றும் அளந்தேன்: 84. அதாவது 24 டிகிரி. நான் டீசலை ஆறு டிகிரி முன்னால் கொண்டுவந்திருந்தேன். தகடுகளைத் திரும்பப் போட்டதும், டீசல் உப்பும் கணத்தில் புதிய கோடும் முள்ளும் நேராக நின்றன.

போல்ட்டை எடுத்து, இன்ஜெக்டரை மாட்டிச் சுற்றினேன், மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது.

கோலின் கத்தினான். நான் கத்தவில்லை. புகைக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. எஞ்சினைக் குளிர்வித்துப் புகைக் குழாய் வழியே வெளியேறும் தண்ணீருக்காக, பக்கத்தில் டிரம் வைத்து ரப்பர்க் குழாய் போட்டிருக்கிறோம். டிரம் நிறைய இருக்கிறது, உள்ளே ஏறவில்லை. இரண்டாவது நிமிடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் பம்பைத் திறந்தால், ரப்பர் இதழ்கள் காய்ந்து நொறுங்கிக் கிடக்கின்றன.

யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. கோலினின் பெரியப்பாவை மனதுக்குள் திட்டினேன்.

ஆகஸ்ட் 14, புதன்

கோலின் மதிய உணவு நேரத்தில் மூன்று கடை ஏறி, தண்ணீர் பம்புக்கு ரப்பர் இதழ்ச் சக்கரம் வாங்கி வந்தான். இரண்டு மில்லிமீட்டர் அகலம் அதிகம். ஒரு மணி நேரம் தேய்த்தேன். மாட்டினேன். பன்னிரண்டு நிமிடம் ஓடியது. தண்ணீர் வந்தது. பதிவேட்டில் 12, 13, 14 மூன்று நாளையும் உள்ளபடி எழுதினேன்.

5-ஆம் தேதிப் பக்கம் அப்படியே இருக்கிறது. பக்கம் கிழிக்கக் கூடாது என்பது விதி. கிழிக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

தேர்வாளர் என்சிக் ரஸாலி ஐந்து மணிக்கு வந்தார். மலாயில்தான் பேசினார். எஞ்சின் இரண்டாவது சுற்றில் பிடித்தது. பத்து நிமிடம் ஓடியது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், தண்ணீரில் கை வைத்துப் பார்த்தார். "பாகுஸ்," நன்று, என்றார். கோலின் என் முதுகில் தட்டினான்.

அதற்குப் பிறகு பதிவேட்டைத் திறந்தார்.

5-ஆம் தேதி: சிவப்புப் புள்ளி டைமிங் குறி, சரிபார்க்கப்பட்டது, கையெழுத்து. 13-ஆம் தேதி: சிவப்புப் புள்ளி டைமிங் குறி அல்ல, கையெழுத்து. இரண்டும் ஒரே கை.

"இந்த இரண்டில் நான் எதற்குக் கையெழுத்துப் போடுவது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

விளக்கினேன். என் மலாய் நடுவில் தடுமாறியது. பொட்டு என்பதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். கோலின் புகுந்து, பூசை, பெயின்ட், ஜெயபாலன், அவனுடைய மணிக்கட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். அவர் சிரித்துவிட்டார். அவரைக் கூட்டிப்போய்த் தொட்டியையும் சுக்கானையும் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"புரிகிறது. ஆனால் தொட்டியில் இருக்கும் பொட்டு, பிஸ்டன் எங்கே இருக்கிறதென்று எனக்குச் சொல்லாது," என்றார். பிறகு, "காம்பார் மானா?"

படம் எங்கே. துடைப்பதற்கு முன் எடுத்த படம்.

"இல்லை," என்றேன்.

உளியால் வெட்டிய கோட்டையும் அவர் ஏற்கவில்லை. ஒருமுறை தவறான குறியைச் சரிபார்த்ததாக எழுதிய ஆள், இரண்டாவது முறை வெட்டிய குறியை எப்படி நம்புவது என்று கேட்டார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் கேட்டிருப்பேன். அதுதான் எரிச்சல்.

எஞ்சின் ஓட்டம் தேர்ச்சி. பதிவேடு நிறுத்திவைப்பு. நாளை அவர் தைப்பிங்கிலிருந்து திரும்பும் வழியில் ஆறு மணிக்கு வருவார். அவர் கண் முன்னால் உச்சியை முதலிலிருந்து நான் ஒருத்தியே கண்டுபிடித்து, 18 டிகிரியைக் குறிக்க வேண்டும். சரியாக வந்தால் நாளையே கையெழுத்து. வராவிட்டால் பிப்ரவரி.

சாக்பீஸ் கோடுகளை அழித்தார். என் உளிக் கோட்டின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"அந்தப் பொட்டையும் மூடிவிடுங்கள்," என்றேன். "அதிலிருந்து 21 அளந்தால் விடை வந்துவிடும்."

கோலின் என் காலை மிதித்தான். என்சிக் ரஸாலி பையைக் கீழே வைத்தார். பொட்டின் மேல் ஒட்டலாமா, ஒன்றும் தப்பில்லையா என்று கேட்டார். டேப்பை எடுக்கும்போது பெயின்ட் வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றேன். ஒரு துண்டுக் காகிதத்தை அதன் மேல் வைத்து, காகிதத்தின் ஓரங்களில் மட்டும் டேப்பை ஒட்டினார்.

அவர் கார் வெளியே போனதும் கோலின் வெடித்தான். "ஒனக்கு வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா? 21 லா! கையில இருந்த 21!"

"நாளைக்கு போல்ட்ட வச்சாலும் அதேதான் வரும்."

"வரலைன்னா?"

செவ்வாய்க்கிழமை போல்ட்டை இறக்கியபோது கோலின் பிடித்துக்கொண்டான். நாளை பிடிக்க ஆள் இல்லை. போல்ட் அசைந்தால் 310 மாறும், நடு மாறும், எல்லாம் மாறும்.

நாளை, வெள்ளி. ஆலையில் நாலரைக்கே கிளம்ப அனுமதி கேட்க வேண்டும். ஐந்தரைக்குப் பட்டறை. போல்ட் அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் நட் போட்டு இறுக்க வேண்டும். இரும்பு அளவு நாடா, துணி நாடா அல்ல. அவர் வந்ததும், எதையும் தொடுவதற்கு முன் சக்கரத்தைப் படம் எடுக்க வேண்டும். அதன் பிறகு இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டும்.